புது நியான் டெட்ரா ஒரே ராத்திரியில சாகுது, பழைய மீன் நல்லா இருக்கு. உதவி தேவை!

அம்பத்தூர்வாசி
அவசரம். நேத்து சாயங்காலம் கொளத்தூர்ல 8 நியான் டெட்ரா வாங்கினேன். கவரை 20 நிமிஷம் தொட்டியில மிதக்க விட்டுட்டுதான் மீனை விட்டேன். காலையில 5 அவுட். மிச்சம் 3 மூலையில அடியில நிக்குது, கலர் வெளுத்துப் போச்சு, செவுள் வேகமா அடிக்குது. போன மாசமும் இதே கதைதான். பழைய மீனுக்கு ஒண்ணும் ஆகல. என்ன மருந்து ஊத்தலாம்?

கப்பிப்பிரியன்
தொட்டி என்ன சைஸ்? பழைய மீன்னா எது? மெட்ரோ தண்ணியா, போரா, லாரியா? ஃபில்டர் என்ன? இது தெரியாம மருந்து சொல்ல முடியாது ப்ரோ.

வெள்ளிச்செதில்
வெள்ளைப்புள்ளி நோயா இருக்கும். கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டு, ஹீட்டரை 30 டிகிரியில வைங்க. ஒரு வாரத்துல சரியாயிடும்.

செவுள் (மூத்த உறுப்பினர்)
புள்ளி இருக்குன்னு அவர் எங்க சொன்னார்? வெள்ளைப்புள்ளி 12 மணி நேரத்துல 5 மீனைக் கொல்லாது. இங்க யாருமே தண்ணியைப் பார்க்கிறதில்ல, நேரா மருந்துக்குப் போயிடறீங்க. மீன் கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் 0, நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழ. இந்த மூணு நம்பர் கையில இல்லாம மீன் வாங்கவே கூடாது. அப்புறம் கவரை மிதக்க விட்டா வெப்பம் மட்டும்தான் சமமாகும். மீனைக் கவர் தண்ணியோட பக்கெட்ல விட்டு, ஏர் ட்யூப்ல ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு 2, 3 சொட்டுன்னு தொட்டித் தண்ணியை இறக்கி, பக்கெட்ல தண்ணி ரெண்டு மடங்கு ஆனதும்தான் மீனை எடுக்கணும்.

கப்பிப்பிரியன்
சொட்டு முறையை எல்லாத்துக்கும் சொல்லாதீங்க சார். ரொம்ப நேரம் கவர்ல இருந்து வந்த மீனுக்கு அதுவே ஆபத்து. மூடின கவர்ல கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் (அமில, கார அளவு) இறங்கும், அதனால அம்மோனியா அதிகம் கெடுதல் இல்லாத அம்மோனியமா இருக்கும். கவரைப் பிரிச்சதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறும், அது மறுபடி விஷ அம்மோனியாவா மாறும். அந்தத் தண்ணியிலயே ஒரு மணி நேரம் சொட்டு விட்டா செவுள் வெந்துடும். ரயில்ல, கூரியர்ல வந்த மீன்னா வெப்பம் சமமானதும் வலையில அள்ளி உடனே விடணும்.

செவுள் (மூத்த உறுப்பினர்)
கொளத்தூர்லேர்ந்து அம்பத்தூருக்கு என்ன கூரியரா? அரை மணி நேரப் பயணம். அந்தக் கணக்கு இங்க செல்லாது.

கப்பிப்பிரியன்
எல்லாருக்கும் பொதுவா நீங்கதானே எழுதினீங்க, அதுக்குத்தான் சொன்னேன்.

அம்பத்தூர்வாசி
2 அடிக்கு 1 அடி, உயரம் 15 இஞ்ச். போர் தண்ணி. பழைய மீன் 6 மோலி. பவர் ஃபில்டர், ஏர் பம்ப் ரெண்டும் இருக்கு. தண்ணி மாத்தினதில்ல, குறைஞ்சா ஊத்துவேன். உப்பு போட்டுதான் இருக்கேன், போன மாசம் ஒரு கைப்பிடி, நேத்து ஒரு கைப்பிடி.

நீரோட்டம்
இதை முதல்லயே சொல்லியிருந்தா நேரா விஷயத்துக்கு வந்திருக்கலாம். காரணம் உப்பு. உங்க தொட்டி முழுக் கொள்ளளவு 70 லிட்டர். கல், மேல் இடைவெளி போக 58 லிட்டர்னு வைங்க. ஒரு கைப்பிடி கல்லுப்பு சுமார் 40 கிராம். லிட்டருக்கு 1 கிராம் உப்புன்னா டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு, தாது மொத்தமும், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல) கிட்டத்தட்ட 1,000 ஏறும், ஆக கைப்பிடிக்கு 700 மாதிரி ஏறியிருக்கு. ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பும் போர் தண்ணியோட சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிடும். நீங்க ஊத்த ஊத்த அது இன்னும் கூடும்.

மோலிக்கு இது பிரச்சினையே இல்ல, உவர்நீர்லயும் வாழற மீன். நியான் அமேசான் பக்கத்து மென்நீர் மீன், அதாவது சுண்ணாம்பு ரொம்பக் குறைஞ்ச தண்ணியில வாழறது. உடம்புல உப்பையும் தண்ணியையும் சமன் பண்ற வேலை செவுளுக்கும் சிறுநீரகத்துக்கும்தான். புது அளவுக்கு அது பழகப் பல நாள் ஆகும். 20 நிமிஷம் மிதக்க விடறதும் போதாது, ரெண்டு மணி நேரம் சொட்டு விட்டாலும் இந்த வித்தியாசத்தைத் தாண்டாது.

டிடிஎஸ் பேனா ஒண்ணு வாங்கி தொட்டி, போர், கேன் தண்ணி மூணையும் அளந்து போடுங்க. மருந்து எதுவும் ஊத்தாதீங்க.

வெள்ளிச்செதில்
உப்பு எல்லா மீனுக்கும் நல்லதுன்னுதான் கடையில சொல்றாங்க.

நீரோட்டம்
நோய்க்கு அளந்து போட்டு, அப்புறம் தண்ணி மாத்தி எடுத்துடணும். கைப்பிடி அளவில்ல, தராசு வேணும்.

அம்பத்தூர்வாசி
தொட்டி 2,600. போர் 900. கேன் 50. மிச்சம் 3 நியானும் போச்சு.

நீரோட்டம்
வருத்தமா இருக்கு. ஒரே நாள்ல இறக்காதீங்க, மோலியும் இதுக்குப் பழகியிருக்கு. 6 லிட்டர் போர், 9 லிட்டர் கேன் கலந்தா 390 வரும். மூணு நாளைக்கு ஒரு தடவை 15 லிட்டர் எடுத்துட்டு இதை ஊத்துங்க. ஆறாவது தடவை 800 பக்கம் வந்துடும். வீட்டு ஆர்ஓ தண்ணின்னா குடிக்கிற குழாய்ல பிடிங்க, வேஸ்ட் பைப் தண்ணியில உப்பு இன்னும் ஜாஸ்தி. 800ம் நியானுக்கு அதிகம்தான். கப்பி, பிளாட்டி அந்தத் தண்ணியிலயே நல்லா வளரும். நியான்தான் வேணும்னா 200க்குக் கீழ தனித் தொட்டி வைங்க, மோலியோட சேர்க்காதீங்க.

கப்பிப்பிரியன்
அடுத்து எது வாங்கினாலும் நேரா தொட்டியில விடாதீங்க. 25 லிட்டர் டப்பு, அதுல ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்ச் முன்னாடியே ஒரு மாசம் பெரிய தொட்டியில ஓடியிருக்கணும், இல்லேன்னா அம்மோனியாவை மாத்தற பாக்டீரியா அதுல இருக்காது, டப்புல அம்மோனியா ஏறும். நாலு வாரம் அதுல வச்சிருந்தா வெள்ளைப்புள்ளி இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும். கடைத் தண்ணி ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது, வலையில அள்ளி விடுங்க. வாங்கும்போதே கவர் தண்ணியையும் அளந்துடுங்க.

செவுள் (மூத்த உறுப்பினர்)
நைட்ரைட் அளக்காம உப்பைக் குறைக்கச் சொல்றீங்க. உப்புல இருக்கிற குளோரைடுதான் நைட்ரைட் செவுள் வழியா உள்ள போறதைத் தடுக்குது. தொட்டியில நைட்ரைட் இருந்தா, உப்பு குறையக் குறைய மோலிக்கு மூச்சுத் திணறும். முதல்ல அதைப் பாருங்க.

நீரோட்டம்
இது சரியான பாயிண்ட். சொட்டு டெஸ்ட் கிட்ல பார்த்து 0ன்னா தைரியமா ஆரம்பிங்க.

அம்பத்தூர்வாசி
ரெண்டு தடவை மாத்தியாச்சு, 1,640 காட்டுது. மோலி சாப்பிடுது. நன்றி அண்ணா.

செவுள் (மூத்த உறுப்பினர்)
நைட்ரைட் எவ்வளவு?