பிள்ளையின் வாட்ஸ்அப் குரூப் சண்டைக்குப் போலீஸ் வருமா?

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறியவர்கள் பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி பற்றியெல்லாம் முன்கூட்டியே கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி மட்டும் பள்ளியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் வருகிறது: "சும்மா குரூப்பில் கிண்டல் பண்ணினதுக்குப் போலீஸா?"

வரலாம். எந்த வயதிலிருந்து என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 10, கனடாவில் 12, ஜெர்மனியில் 14. வயது குறைவு என்றாலும் பள்ளி விடாது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளிக்கு வெளியே நடந்ததற்கும் தலைமையாசிரியர் நடவடிக்கை எடுக்கலாம். "ராத்திரி வீட்டிலிருந்து அனுப்பியது, பள்ளிக்கு என்ன?" என்று வாதாடிப் பயனில்லை.

வசவு ஒரு பக்கம். எனக்கு அதிக பயம் படங்கள்தான். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் இங்கிலாந்தில் குற்றம், அந்தப் பிள்ளையே எடுத்து அனுப்பியிருந்தாலும். வழக்குப் போடாமல் விட்டாலும் போலீஸிடம் பதிவு இருக்கும். நாளைக்குக் குழந்தைகளோடு பழகும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது தலைகாட்டலாம். பெற்றோர் தடுக்கி விழுவதும் இங்கேதான். "ஆதாரம் பாருங்க" என்று அந்தப் படத்தை ஆசிரியருக்கோ உறவினருக்கோ ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். அனுப்பியவர் நீங்களாகிவிடுவீர்கள். போனை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லுங்கள், போதும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வழக்கு. 13 வயதுப் பையன் சக மாணவி பெயரில் போலி ஃபேஸ்புக் கணக்கு தொடங்கினான். பள்ளி சொன்ன பிறகும் அது ஏறக்குறைய 11 மாதம் அப்படியே இருந்தது. பெற்றோர் மீது கவனக்குறைவு வழக்கு நடக்கலாம் என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனைப் பிடுங்கி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். போட்டது இறங்கியதா என்று பார்க்க மறந்துவிடுகிறோம்.

பாதிக்கப்பட்டது உங்கள் பிள்ளை என்றால், வசவுச் செய்திகளைத் தேதியும் கணக்குப் பெயரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவில் முதலில் அந்தத் தளத்திடம் புகார். 48 மணி நேரத்தில் நீக்காவிட்டால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அதிகாரியான இ-சேஃப்டி ஆணையரிடம் போகலாம். அவர் உத்தரவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும். எதிர்த்தரப்புப் பெற்றோர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசித் தீர்க்கலாம் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். நீங்கள் மிரட்டியதாக எதிர்ப்புகார் வரலாம்.

போலீஸ் கூப்பிட்டால் இங்கிலாந்தில் காவல் நிலையத்தில் வழக்கறிஞர் ஆலோசனை இலவசம். விசாரணையின்போது பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில், "ஐயாகிட்ட மன்னிப்புக் கேளுடா" என்று பிள்ளையை முதல் நிமிடமே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். வழக்கறிஞர் வரட்டும்.