கதை எழுதுகிறவருக்குக் கைநோட்டு வேண்டுமா, கைபேசியே போதுமா?

மைக்கூடு

நாவல், சிறுகதை எழுதத் தொடங்குகிறவர்கள் குறிப்பை எதில் எடுப்பது என்று கேட்டால் செயலிகளின் பெயர்தான் பதிலாக வருகிறது. நான் நோட்டின் பக்கம். முதல் காரணம், தாளில் அடித்தது அழிவதில்லை. "வாசலில் நின்றாள்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, "நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்" என்று மேலே எழுதினால் இரண்டும் கண்முன் கிடக்கும். மூன்றாவது திருத்தத்தில் முதல் வரியே சரி என்று படுகிற இடங்கள் நிறைய உண்டு. திரையில் அதற்குள் அது போயிருக்கும்.

முறை இதுதான். சட்டைப்பைக்கு ஒன்று: ஏ6 அளவு, நடுவில் பின் அடித்தது, 64 பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேசைக்கு ஒன்று: ஏ5, கெட்டி அட்டை, நூல் தையல், 200 பக்கம் வரை. மேசை நோட்டு வாங்கியதும் எழுதுவதற்கு முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிட வேண்டும். முதல் நான்கு பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதற்குப் பிறகு வலப்பக்கத்தில் மட்டும் எழுத்து. இடப்பக்கம் பின்னால் தோன்றுவதற்கு. ஆறு மாதம் கழித்து ஒரு பாத்திரத்துக்குப் பெயர் கிடைக்கும், ஒரு பேச்சுக்குப் பதில் பேச்சு கிடைக்கும். அதற்கு இடமில்லாத நோட்டு கிடங்காகிவிடும். சட்டைப்பை நோட்டில் இருப்பதை வாரம் ஒருமுறை மேசை நோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றத் தோன்றாத குறிப்பை விட்டுவிடலாம்.

விசைப்பலகை

இடப்பக்க யோசனை நல்லது. ஆனால் நோட்டின் இரண்டு பெரிய குறையை நீங்கள் தொடவே இல்லை.

ஒன்று, தேடல். ஒரு நாவல் மூன்று வருடம் இழுக்கும். அதற்குள் ஆறேழு நோட்டு சேரும். இரண்டாம் அத்தியாயத்தில் வந்த தையற்காரருக்கு எந்தக் கால் ஊனம் என்று இருபதாம் அத்தியாயத்தில் பார்க்க வேண்டுமானால் ஏழு நோட்டையும் புரட்ட வேண்டும். உரைக்கோப்பில் "தையற்காரர்" என்று தட்டினால் முடிந்தது.

இரண்டு, ஒரே படி. டார்வினின் இரண்டு குறிப்பேடுகள், 1837இல் உயிர்மரத்தை (உயிரினங்கள் கிளைத்து வந்ததைக் காட்டும் படம்) வரைந்த ஏடு உட்பட, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்தே காணாமல் போயின. 2000இல் படமெடுக்க வெளியே எடுத்தார்கள். அதன்பின் இல்லை. 2022 மார்ச்சில் யாரோ ஒரு பரிசுப்பையில் போட்டு நூலகத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். காவலும் பதிவேடும் உள்ள நூலகத்துக்கே இந்த நிலை. வீட்டு அலமாரிக்கு என்ன உறுதி?

யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 60,000 சொல் நாவல் ஏறக்குறைய ஒன்றரை எம்பிதான். மூன்று இடத்தில் படியெடுத்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மைக்கூடு

தேடலுக்குப் பழைய விடை இருக்கிறது. ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் 1686இல் பிரெஞ்சில் அச்சிட்ட முறை அது. ஒவ்வொரு குறிப்புக்கும் வைக்கிற தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதையடுத்து வரும் முதல் உயிரையும் எடுத்து, 20 எழுத்துக்கு 5 உயிர் வீதம் 100 கட்டம் போடுவார். தலைப்பு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அங்கே பக்க எண் ஏறும்.

தமிழுக்கு இது இன்னும் எளிது. உயிர்மெய் எழுத்து ஒன்றிலேயே மெய்யும் உயிரும் இருப்பதால் சொல்லின் முதல் எழுத்து மட்டும் போதும். முதல் நான்கு பக்கம் காலியாக விடச் சொன்னது இதற்குத்தான். எதிரெதிரான இரண்டு பக்கத்தில் 11 வரிசை: உயிர் தனி, பிறகு க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ, கடைசியில் ர, ல, ட, ஜ போன்றவற்றுக்குப் பொதுவாக ஒன்று. குறுக்கே 5 பத்தி: அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ ஐ, ஒ ஓ ஔ. மொத்தம் 55 கட்டம். ஏ5 நோட்டில் ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. உயரத்துக்குக் குறையாது. "தையற்காரர்" என்றால் த வரிசை, எ ஏ ஐ பத்தி: 14, 37, 112. மீதி இரண்டு பக்கம் நிரம்பி வழியும் கட்டங்களுக்கு.

இதில் தவறுவது ஓரிடத்தில்தான். ஒரே விஷயத்துக்கு இன்று "மழை", நாளை "அடைமழை", மறுநாள் "தூறல்" என்று தலைப்பு வைத்தால் மூன்று கட்டத்தில் சிதறும். நாற்பது ஐம்பது தலைப்பை முன்கூட்டியே முடிவு செய்து, பின்னட்டையின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கொப்பிக்காரன், யாழ்ப்பாணம்

எந்தக் கொப்பி, எந்தப் பேனை என்று ஒருவரும் சொல்லவில்லை. பலர் கையெழுத்தை விடுவதற்குக் காரணமே அதுதான்.

பள்ளிக்கூடக் கொப்பித் தாள் பெரும்பாலும் 54 முதல் 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). மைப்பேனையால் எழுதினால் மை நார் வழியே ஓடி எழுத்தைச் சுற்றி மயிர் முளைத்தது போலாகும், மறுபக்கமும் ஊறும். தாளின் மேல் பூச்சுப் பசை குறைவு என்பதுதான் காரணம். 70 ஜிஎஸ்எம் என்றால் மெல்லிய முனையோடு சமாளிக்கலாம். 80, 90 நிம்மதி. ஆனால் ஜிஎஸ்எம் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. பூச்சு சரியில்லாத 100 ஜிஎஸ்எம் தாளும் ஊறும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் நெருக்கமாகக் குறுக்குக் கோடு கீறி, ஒரு நிமிடம் விட்டுப் பின்புறம் பாருங்கள்.

மைக்குச் சோதனை: எழுதி ஒரு நாள் கழித்து ஒரு துளி தண்ணீர் விடுங்கள். துவைத்தால் போகும் வகை நீலமை அப்படியே கலங்கிவிடும். நிறமித்துகள் மை நிற்கும், ஆனால் பேனைக்குள் காய்ந்தால் அடைத்துவிடும். எழுதாமல் விடுகிற பேனையில் அதை நிரப்பக்கூடாது. இரும்பு உப்பு கலந்த மை (அயர்ன் கால்) நிற்கும், தண்ணீருக்கும் அஞ்சாது. அமிலத்தன்மை இருப்பதால் மாதம் ஒருமுறை பேனையை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். பால்பொயிண்ட் தண்ணீருக்குத் தாங்கும், வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். தேய்த்தால் அழிகிற ஜெல் பேனையைக் குறிப்புக்குத் தொடவே வேண்டாம். 60 பாகை வெப்பம் பட்டால் எழுத்து மறைந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கொப்பியை விட்டால் போதும். உறைபெட்டியில் வைத்தால் ஓரளவு திரும்பிவரும் என்பது உண்மை, அதை நம்பி எழுத முடியாது.

சட்டைப்பைக் கொப்பிக்கு என் தெரிவு 2பி பென்சில். மங்காது, கரையாது, மழையிலும் எழுதும். உரசினால் மட்டும் பூசும்.

தாள்மடி

அறிவியலும் கையெழுத்துக்குச் சாதகம்தானே. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டினார்கள், கையால் எழுதியவர்கள் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று வந்தது.

விசைப்பலகை

அந்த ஆய்வை இதற்குள் கொண்டுவர வேண்டாம், நண்பரே. 2021இல் அதை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார்கள். மடிக்கணினிக்காரர்கள் சொன்னபடியே அதிகம் தட்டினார்கள் என்பது மறுபடியும் வந்தது. தேர்வில் கையெழுத்துக்காரர்கள் முந்தினார்கள் என்பது வரவில்லை. அதைவிட முக்கியம், அது விரிவுரை கேட்கிற மாணவரைப் பற்றியது. கதை எழுதுகிறவர் கேட்டதை ஒப்பிப்பதில்லை.

55 கட்டம் அழகான ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு நோட்டுக்குள்தான் தேடும். ஏழு நோட்டுக்கு ஏழு அட்டவணை. அதோடு கையெழுத்தைக் கடைசியில் தட்டச்சு செய்தே ஆகவேண்டும். அச்சுத் தமிழைப் படமெடுத்தால் எழுத்தாக மாற்றித்தருகிற கருவிகள் நன்றாக வேலை செய்கின்றன. கையெழுத்துத் தமிழில் தடுமாறுகின்றன. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும், வேகமாக எழுதுகிறவர் மெய்க்குப் புள்ளி வைக்கமாட்டார், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கலந்துவிடும்.

மைக்கூடு

தட்டச்சு செய்வதை வீண் வேலை என்று எண்ணுகிறீர்கள். எனக்கு அதுதான் இரண்டாம் வரைவு. தட்டும்போது கை எந்த வாக்கியத்தில் தயங்குகிறதோ அந்த வாக்கியம் வேண்டாதது. கோப்பை வெட்டி ஒட்டுகிறவருக்கு அந்தத் தயக்கம் கிடைக்காது. ஒட்டிய பத்தி பழைய பிழையோடு அப்படியே போய் உட்காரும்.

கோப்பு நிலைக்கும் என்பதையும் தமிழர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவற்றை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல்தான் தெரிகிறது. அதே காலத்து நோட்டை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

விசைப்பலகை

பழைய எழுத்துருக் கோப்பை மாற்றிச் செயலியில் ஒட்டினால் யூனிகோடாகிவிடும். கொம்பும் காலும் சேரும் கொ, கோ போன்ற இடங்களில் சில பிழை வரும், அவ்வளவுதான். பூச்சி தின்ற பக்கத்துக்கு மாற்றி கிடையாது.

பிழைதிருத்துநர்

பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். குறிப்புக்கு நோட்டு சரி. முழு நாவலையும் கையால் எழுதி, வேறொருவரிடம் தட்டச்சுக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். புள்ளி விட்ட மெய், ல ள ழ குழப்பம், வட்டார வழக்கை "திருத்திவிடும்" தட்டச்சாளர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் பிழை நுழையும். எழுதியவர் மெய்ப்புப் பார்க்கும்போது தன் நினைவில் இருப்பதைத்தான் படிப்பார், தாளில் இருப்பதை அல்ல.

எழுதியவரே தட்ட வேண்டும். கை வலித்தால் உரக்கப் படித்துக் குரல்வழித் தட்டச்சு செய்யலாம். நிறுத்தற்குறி பெரும்பாலும் சரியாக வராது, வல்லினம் மிகும் இடங்கள் தவறும், பேச்சுவழக்கு உரையாடல் சிதையும். ஆகவே விவரிப்பைக் குரலில் ஏற்றி, உரையாடலை விரலால் தட்டுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் நோட்டு எண், பக்க எண் போட்டுவைத்தால் சந்தேகம் வரும்போது மூலத்துக்கு ஒரு நொடியில் போகலாம்.

தாள்மடி

ஒரே படி என்ற குறைக்கு மைக்கூடு பதில் சொல்லவில்லையே. நனைந்தால் என்ன செய்வது?

மைக்கூடு

அந்தக் குறை நியாயமானது, அதை மறுக்கவில்லை. நோட்டு முடியும்வரை காத்திருக்காமல் இருபது பக்கத்துக்கு ஒருமுறை கைபேசியில் படமெடுங்கள். ஏ5 பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1748க்கு 2480 புள்ளி. சாதாரணக் கைபேசிக் கேமராவுக்கே அது எளிது. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கோப்புப் பெயர் 07-034: ஏழாம் நோட்டு, 34ஆம் பக்கம். அட்டவணைக் கட்டங்களை மட்டும் ஓர் உரைக்கோப்பில் தட்டிவைத்தால் ஏழு நோட்டும் ஒரே தேடலில் அகப்படும்.

நனைந்த நோட்டின் பக்கங்களைப் பிரிக்கவே கூடாது, கிழியும். பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு நாளுக்குள் உறைபெட்டியில் வையுங்கள். பூஞ்சை பிடிப்பது நிற்கும். பிறகு வெளியே எடுத்து, இளகியபின் சில பக்கத்துக்கு ஒன்றாக உறிஞ்சுதாள் செருகி, மின்விசிறிக் காற்றில், தாளை மாற்றி மாற்றிக் காயவிடுங்கள். வெயில் வேண்டாம், சுருண்டுவிடும்.

கொப்பிக்காரன், யாழ்ப்பாணம்

கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொன்று: பின் அடித்த கொப்பியில் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். நிரம்பியதும் பின்னைக் கழற்றி நூலால் மூன்று துளையில் தைத்துவிடுங்கள். ஈரச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். வெள்ளிப்பூச்சி முதலில் தின்பது அட்டைப் பசையைத்தான்.

விசைப்பலகை

படமெடுத்து, பெயரிட்டு, அட்டவணையைத் தட்டி, தைத்து, உறிஞ்சுதாள் மாற்றி… இத்தனை வேலையில் இரண்டு அத்தியாயம் எழுதலாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அடித்த வரி அழியக்கூடாது என்பதை எடுத்துக்கொள்கிறேன். கோப்பில் அழிக்காமல் பழைய வரியை # குறியோடு கீழே தள்ளி வைத்தால் அதே பயன் கிடைக்கும்.

மைக்கூடு

கிடைக்காது. கீழே தள்ளிய வரியை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தாளில் அது புது வரியின் அடியிலேயே கிடக்கிறது, புதியதைப் படிக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஒரு மாதம் முயன்று பாருங்கள், எத்தனை முறை # வரிக்குத் திரும்பினீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.