முகக்கவசத்தால் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தி போனதா?

வெண்ணாற்றங்கரை: "முகக்கவசம் போட்டுப் போட்டே பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி போய்விட்டது, அதனால்தான் காவிரி டெல்டா முழுக்க வீசிங்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க, நெபுலைசர் வைத்துக்கொண்டு கிடப்பவை பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த வயதில் யார் முகக்கவசம் போட்டது? ஐந்து வயது வரை கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது.

மன்னார்குடி மாமா: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். எங்கள் தெருவில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் மாட்டித்தான் கடைக்குக் கூட்டிப்போனார்கள்.

வெண்ணாற்றங்கரை: அது தாடைக்குக் கீழே தொங்கியதையும் பார்த்திருப்பீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் பள்ளிகள் நடந்தன, பிள்ளைகள் முகக்கவசம் போடவில்லை. அப்படியும் கைக்குழந்தைகளுக்கு இளைப்பு வரவைக்கும் ஆர்எஸ்வி வைரஸ் 98 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டுக் கடைசியில், பருவம் தப்பி, வழக்கமான உச்சத்தையும் தாண்டித் திரும்பி வந்தது. முகக்கவசம் போடாத ஊர் அது!

மன்னார்குடி மாமா: நம் ஊரை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா எதற்கு? மேட்டூர் தண்ணீர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான்.

வெண்ணாற்றங்கரை: கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

அரசலாறு: எச்3என்2 ஃப்ளூ காய்ச்சலுக்காக 2023 மார்ச்சில் புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடியது, காரைக்காலிலும்தான். நண்டலாறு தாண்டினால் தமிழ்நாட்டுப் பொறையாரில் பள்ளி நடந்தது. அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

கடைமடைக்காரி: என் மகள் 2020-ல் பிறந்தாள். 2021 நவம்பர் 1-ல் பள்ளி திறந்து, அவள் அண்ணன் போய்வர ஆரம்பித்த பிறகுதான் முதல் சளியே வந்தது.

மன்னார்குடி மாமா: பார்த்தீர்களா! சக்தி போய்விட்டது.

வெண்ணாற்றங்கரை: எது போனது? சாதாரணமாக இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஆர்எஸ்வி ஒரு தடவையாவது வந்துவிடும். ஊரடங்குக் காலத்துப் பிள்ளைகளுக்கு வரவில்லை. அம்மாக்களுக்கும் தொற்று வராததால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் எதிர்ப்பொருளும் குறைந்தது. எல்லாம் திறந்ததும் இரண்டு வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் சேர்ந்தாற்போல் வந்தது. அக்கா, உங்கள் மகளுக்குத் தள்ளி வந்தது நல்லதுதான். ஆறு மாதத்துக்குள் மூச்சுக்குழல் மிகவும் குறுகல், அப்போது வந்தால்தான் ஆபத்து அதிகம்.

மன்னார்குடி மாமா: மூன்று வயதுப் பிள்ளை முகக்கவசம் போட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வெண்ணாற்றங்கரை: இரண்டு வயதுக் குழந்தைக்கு யார் போட்டது என்று கேட்டேன். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

அரசலாறு: வைரஸ் வைரஸ் என்கிறீர்களே, அறுவடை முடிந்ததும் வைக்கோல் கொளுத்தும் புகை?

மன்னார்குடி மாமா: எங்கள் பக்கம் யாரும் கொளுத்துவதில்லை. கட்டு கட்டி லாரியில் போகிறது. காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு விவசாயியைக் குறை சொல்லாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை: விஷயத்தை மாற்றாதீர்கள் மாமா. ஆர்எஸ்வியும் ஃப்ளூவும் அடங்கிக் கிடந்தபோதும், சாதாரண சளியைத் தரும் ரைனோவைரஸ் பல நாடுகளில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் முகக்கவசம்தான் காரணம் என்றால் அது மட்டும் எப்படித் தப்பியது?

மன்னார்குடி மாமா: அவர் விவசாயியைச் சொன்னதை நீக்கட்டும். அப்புறம் பேசுகிறேன்.