மண்ணுக்குள் இருக்கும் தேரைக்கு மழை பெய்வது எப்படித் தெரிகிறது?

செம்மண்காடு:
அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவின் வடக்கிலும் பரந்துள்ள சோனோரன் பாலைவனத்தில், மண்வெட்டிக்கால் தேரைகள் ஆண்டில் எட்டு முதல் பத்து மாதங்கள் வரை மண்ணுக்கடியில் கிடந்து, கோடை இடிமழை இறங்கிய அன்றிரவே மேலே வந்துவிடுகின்றன என்று படித்தேன். அவை சில வேளைகளில் மூன்றடி ஆழத்திலும் இருக்குமாம். முதல் மழையின் ஈரம் அவ்வளவு விரைவில் அங்கே இறங்காது அல்லவா? அதுவரை நீரின்றி எப்படித் தாங்குகின்றன?

நீர்க்கால்:
ஈரத்துக்காக அவை காத்திருப்பதில்லை. மழைத்துளிகள் தரையில் அறையும் அதிர்வே அவற்றை எழுப்புகிறது. மார்க் டிம்மிட், ரோடோல்ஃபோ ருய்பால் ஆகிய இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொட்டு நீரும் படாத மண்ணில் மின்மோட்டாரை ஓடவிட்டபோது, அந்த அதிர்வுக்கே தேரைகள் வெளிவந்தன. அப்பாலைவனத்தில் குளிர்காலத்திலும் மழை உண்டு. ஆனால் மண் குளிர்ந்திருப்பதால் அப்போது அவை அசைவதில்லை.

அகழான்:
நீரைப் பற்றிய கேள்விக்கு என் விடை. ஆஸ்திரேலியாவின் நீர்தேக்கும் தவளை, தான் உரித்த தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு ஈரத்தைக் காக்கிறது. சோனோரன் தேரையின் முறை வேறு, எனக்கு அதுவே பெரிய வியப்பு. பின்னங்காலில் உள்ள கருத்த, கூரிய தடிப்பால் மண்ணைத் தள்ளியபடி பின்புறமாகவே உள்ளே இறங்கும் அது, நீர்த்த சிறுநீரைப் பையில் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக உடலுக்குள் மீண்டும் எடுத்துக்கொள்கிறது. மண் மேலும் காயும்போது, கழிவாக வெளியேற்ற வேண்டிய யூரியாவை இரத்தத்திலேயே தேக்கி, உடல்நீரின் அடர்வை மண்ணிலுள்ள நீரின் அடர்வுக்கு ஈடாக உயர்த்திவிடுவதால், வறண்ட மண்ணால் அதன் தோல் வழியே நீரை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. நம் உடலில் யூரியா அவ்வளவு ஏறினால் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றே மருத்துவர் சொல்வார்.

நீர்க்கால்:
வெளிவந்த பின் நடப்பதிலும் அவசரம்தான். பெரும்பாலும் முதல் இரவிலேயே ஆண்கள் குட்டைகளில் கூடிக் கத்த, இணைசேர்தலும் முட்டையிடுதலும் முடிந்துவிடும். முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, வெந்நீராய்ச் சுடும் குட்டையில் தலைப்பிரட்டை எட்டே நாளில்கூடத் தேரையாகிவிடும். அதற்குள் குட்டை வற்றினால் அத்தனையும் மடியும். அதே மழைக்குப் புறப்படும் ஈசல்களில் கொழுப்பு மிகுதி என்பதால், ஒரே இரவில் தன் எடையில் பாதிக்கும் மேல் தின்னும் தேரைக்கு அது பல மாத உணவாகும்.

செம்மண்காடு:
இருவருக்கும் நன்றி. அதிர்வுதான் அழைப்பு என்றால், பாலை மணலில் ஓடும் வண்டிகளின் இரைச்சலும் அவற்றை ஏமாற்றுமா?

அகழான்:
ஏமாற்றும். மோட்டார் சைக்கிள் ஒலியைப் பதிவுசெய்து ஒலிக்கச் செய்த சோதனையில், புதைந்திருந்த தேரைகள் மேலே வந்தன. குட்டையோ ஈசலோ இல்லாத வறண்ட மாதத்தில் அப்படி வெளிவரும் தேரை, மாதக்கணக்கில் காத்த நீரைச் சூடான காற்றில் வீணாக இழக்கிறது.