மறு: ஸ்டோலன் பேஸ்: திருட்டா, களவா, கவர்தலா?

வணக்கம். பேஸ்பாலில் ஓடுபவர் அடுத்த பேஸுக்கு (தளத்துக்கு)ப் பாய்ந்து அதைப் பிடிப்பதே ‘ஸ்டோலன் பேஸ்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘திருட்டு ஓட்டம்’ போதுமே. கிரிக்கெட் வர்ணனையில் ‘சிங்கிள் திருடினார்’ என்கிறார்களே.

போதாது ஐயா. ஓட்டத்தை ஏற்கெனவே ‘ரன்’னுக்குக் கொடுத்துவிட்டோம். அமெரிக்க பேஸ்பால் வீரர் ரிக்கி ஹெண்டர்சன் எடுத்த ரன் 2,295, ஸ்டோலன் பேஸ் 1,406. இரண்டுமே மேஜர் லீகின் (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியின்) உச்சம். இரண்டுக்கும் ‘ஓட்டம்’ என்று எழுதினால், பின்னது முன்னதில் அடக்கம் என்றுதான் படிப்பவர் கணக்குப் போடுவார்.

ஆட்டமும் வேறு. சிங்கிள் திருடுபவர் அடிபட்ட பந்தை நம்பி ஓடுகிறார். இங்கே பந்து மட்டையில் படவே வேண்டாம். முதல் தளத்தில் நிற்பவர், பிட்சர் (பந்து வீசுபவர்) வீசத் தொடங்கியதும் 90 அடி தள்ளியிருக்கும் இரண்டாம் தளத்துக்குப் பாய்கிறார். மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் எறியும் பந்து வந்து சேர்வதற்குள் தளத்தைத் தொட வேண்டும். கேட்சர் பந்தைத் தவறவிட்ட பிறகு கிளம்பினால் கணக்கில் ஏறாது. எதிரணி ‘போனால் போகட்டும்’ என்று தடுக்காமல் விட்டாலும் ஏறாது.

> ‘திருட்டுத்தளம்’?

புதுப்படத்தை வெளியான அன்றே ஏற்றிவிடும் இணையதளம்தான் நினைவுக்கு வருகிறது. ‘தளத்திருட்டு’ என்று புரட்டினால் தளத்தையே பெயர்த்துக்கொண்டு போனதுபோல் ஆகிறது. (ஹெண்டர்சன் அதையும் விட்டுவைக்கவில்லை. 1991 மே 1 அன்று 939-ஆவதை எடுத்து முந்தைய சாதனையாளர் லூ பிராக்கின் 938-ஐத் தாண்டியதும், மூன்றாம் தளத்தைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அதே நாள் பிட்சர் நோலன் ரயன் 44 வயதில் தன் ஏழாவது நோ-ஹிட்டரை, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டத்தை, வீசினார். ‘நோ-ஹிட்டர்’ சண்டைக்குத் தனி இழை தொடங்கலாம்.)

> ஆநிரை கவர்தல் உண்டே. ஊரே பார்க்க ஓடுவது எப்படிக் களவாகும்? ‘தளக்கவர்வு’ என்போம்.

இதை எழுதிய அம்மாவின் சொல் அழகுதான். ஆனால் சொல் தனியாக நின்றால் போதாது, அதன் இணையும் பொருந்த வேண்டும். பாய்ந்து அவுட்டாவதற்கும் ஒரு பெயர் தேவை. ஹெண்டர்சன் 335 முறை அப்படிச் சிக்கினார், அதுவும் சாதனையே. இன்னொரு மேஜர் லீக் வீரர் டிம் ரெய்ன்ஸ் 808 எடுத்தும் 146 முறைதான் சிக்கினார். அவருடைய பெருமை முழுவதும் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. கவர்தலில் தோற்கலாம், பிடிபடுவது களவில்தான். ஊர் பார்க்கிறது, உண்மை. ஆனால் எந்த வீச்சில் கிளம்பப்போகிறார் என்பது ஒளித்துவைத்த சங்கதி அல்லவா?

ஜப்பானியரும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ‘தோருய்’யில் முதல் எழுத்து களவு, அடுத்தது தளம். அங்கே யுதாகா ஃபுகுமோதோ 1,065 எடுத்தவர். ஆகவே என் முன்மொழிவு: தளக்களவு, அவுட்டானால் களவில் பிடிபடல்.

ஒன்றுதான் இடிக்கிறது. ஹோம் பிளேட்டுக்கே (மட்டையாளர் நிற்கும், தொட்டால் ரன் கிடைக்கும் கடைசித் தளத்துக்கே) பாய்வதை மேஜர் லீக் வீரர் டை காப் 54 முறை செய்திருக்கிறார். ‘வீட்டுக்களவு’ என்றால் போலீஸ் வரும், ‘மனைக்களவு’ அதைவிட மோசம். இப்போதைக்கு ‘நான்காம் தளக்களவு’ என்று குறித்திருக்கிறேன். வேறு தோன்றினால் எழுதுங்கள்.