கிளைமக்டெரிக் பழங்களுக்குக் 'கனிகாய்' எனலாமா?

அன்பின் அண்ணைக்கும் குழு நண்பர்களுக்கும்,

பறித்த பின்னும் பழுக்கும் 'கிளைமக்டெரிக்' பழங்களுக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொன்ன 'ஏறுமூச்சுக்கனி' பிழையில்லை. விளைந்த மாங்காயைப் பறித்து வைத்தால், பழுக்கிற நேரத்தில் அதன் சுவாசம் விறுவிறுவென்று ஏறிப் பிறகு தணிகிறது. பழுக்கத் தூண்டும் எதிலீன் வாயுவும் கூடவே பெருகுகிறது. ஆனால் கறுத்தக்கொழும்பான் மாங்காயை வைக்கோலுக்குள் அடுக்கி வைக்கிற யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரருக்கு இந்த மூச்சுக் கணக்கு வேண்டியதில்லை. காயாகப் பறித்தாலும் பழுக்கும் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

'கிளைமக்டெரிக்' என்ற மூலச் சொல்லிலும் மூச்சு இல்லையே. 1925இல் கிட், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அப்பிளின் சுவாசத்தை அளந்தபோது எடுத்தாண்ட சொல் அது. கிரேக்கத்தில் ஏணிப்படியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது 'பழுகாய்'. ஆனால் பழுக்காய் என்றால் நம் காதில் பாக்குத்தான் விழும். அதனால் 'கனிகாய்' என்று வைக்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை: கனிந்த, கனிகின்ற, கனியும் காய். 'காய்கனி'யோடு குழம்பும் என்பீர்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு தரம் வந்தால் பழகிவிடும்.

எங்கள் அப்பு கோடியில் கிடங்கு வெட்டி, வாழைச்சருகு பரப்பி, கப்பல் வாழைக்குலையை இறக்கி மண்ணால் மூடுவார். ஒரு பக்கத் துளையில் பானையை வைத்துப் பொச்சு (தேங்காய் மட்டை) மூட்டிப் புகை ஊதுவார். அடுத்தடுத்த நாளில் கிடங்கைத் திறந்தால் மஞ்சள் வாசம் முற்றம் வரைக்கும் வரும். புகையில் இருக்கும் எதிலீன்தான் காயைத் தூண்டிவிடுகிறது. அப்புவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் முற்றாத குலையை ஒருநாளும் இறக்கமாட்டார். வெம்பல் இனிக்காது என்பார். ஆகவே வரைவிலக்கணத்தில் 'விளைந்த காய்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். வாழை, மா, பலா, பப்பாசி, அன்னமுன்னா எல்லாம் இந்த வகை.

மறுவகைக்குக் 'காம்புக்கனி': காம்பில் இருக்கும்போதே பழுத்தால்தான் உண்டு. முந்திரிகை (திராட்சை), தோடை (ஆரஞ்சு), அன்னாசி. புளிப்பாய் வெட்டிய முந்திரிகைக் குலையை எத்தனை நாள் வைத்தாலும் வாடுமே ஒழிய இனிக்காது. தேசிக்காயையும் (எலுமிச்சை) இதில் சேர்க்கிறேன். பறித்த பின் தோல் மஞ்சளாகும், ஆனால் அது பழுத்தல் அல்ல. மஞ்சளான பிறகும் நாம் பெரும்பாலும் தேசிக்காய் என்றுதானே சொல்கிறோம்! பேச்சுமொழி அதைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது.

கொய்யாதான் இடிக்கிறது. சில இனங்கள் கனிகாய் போலவும் சில காம்புக்கனி போலவும் நடக்கின்றன. அதை இனவாரியாகக் குறிப்பதா, அடிக்குறிப்போடு விடுவதா என்று நீங்கள் சொல்லுங்கள் அண்ணை. 'கனிகாய்', 'காம்புக்கனி' இரண்டு சொல்லும் சரியென்றால் கலைச்சொற் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.