கோயில் ஹேம்பரும் மாமியாரின் சர்க்கரை நோயும்: ஒரே பானையில் எப்படிச் சமைப்பது?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மாமியார், கணவர், நான், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் இருக்கிறோம். பத்து மாதங்களுக்கு முன் கணவருக்குத் தொழிற்சாலை வேலை போய்விட்டது. அதன்பிறகு மாமியாரின் முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளுக்கு வரும் உதவித்தொகை, கணவர் எப்போதாவது செய்யும் தோட்ட வேலையின் கூலி ஆகியவற்றில்தான் குடும்பம் நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் கை காய்ந்துவிடும். அந்த வாரம் எங்கள் பகுதிக் கோயிலில் தரும் ஹேம்பர் (இலவச உணவுப் பொருள் பொதி) வராவிட்டால் அடுப்பு எரியாது என்பதை முதலில் நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.

ஹேம்பரில் வருபவை மீலி மீல் (மக்காச்சோள மாவு), அரிசி, வெள்ளைச் சீனி, சமையல் எண்ணெய், தேயிலை, இரண்டு டின் மீன். மாமியாருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பேப்பையும் (மீலி மீல் களி) சோற்றையும் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டச் சொல்லி, கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே அறிவுரையைத் தருகிறார்கள். குறைக்கச் சொல்லும் பொருள் வீட்டில் நிறைய இருக்கிறது. கூட்டச் சொல்லும் பொருள்தான் இல்லை. அவருக்கு ஒரு பானை, பிள்ளைகளுக்கு ஒரு பானை என்று வைத்தால் முன்பணம் கட்டி வாங்கும் மின்சார டோக்கன் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. இதே நிலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தானமாகத் தருபவர்களிடம் பொருளை மாற்றித் தரும்படி கேட்பது முறையாகுமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற நர்ஸ்

தங்கச்சி, தனிப்பானை யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். மாமியாருக்கு ஏற்ற சாப்பாடு பிள்ளைகளுக்கும் உங்கள் கணவருக்கும் நல்லதுதான். அதனால் நோயாளிக்கென்று தனியாகச் சமைப்பதைவிட, எல்லோருக்குமான பானையையே மாற்றுவது மலிவு. தட்டில் பாதி கீரையும் காய்கறியும், கால் பங்கு பருப்பு அல்லது பீன்ஸ் அல்லது மீன், மீதிக் கால் பங்கு மட்டும் சோறோ பேப்போ என்று பரிமாறிப் பாருங்கள். பிள்ளைகள் வளர்பவர்கள் என்பதால் அவர்களுக்குச் சோறு சற்றுக் கூடுதலாக வைக்கலாம்.

உதவித்தொகை கைக்கு வந்த முதல் வாரத்திலேயே, மூன்றாவது வாரத்துக்கான பொருளையும் வாங்கி வைத்துவிட வேண்டும். மாவும் அரிசியும் ஹேம்பரில் வருமென்று தெரிந்திருக்கும்போது உங்கள் பணத்தை அவற்றில் போடாதீர்கள். உலர்ந்த சுகர் பீன்ஸ், மைசூர்ப் பருப்பு, முட்டை, முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம் ஆகியவற்றை வாங்குங்கள். முழுப் பூசணியும் பட்டர்நட் என்னும் சிறு பூசணி வகையும் குளிர்பெட்டி இல்லாமலே பல வாரம் கெடாமல் இருக்கும். உலர்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, பால், அரிசி, மீலி மீல், டின் பில்சர்ட் மீன், பதப்படுத்தாத காய்கறி, பழம் ஆகியவற்றுக்கு நம் நாட்டில் வாட் வரி கிடையாது. கோழிக்கும் சீனிக்கும் வெள்ளை ரொட்டிக்கும் 15 விழுக்காடு உண்டு. பழுப்பு ரொட்டிக்கு வரி இல்லைதான். ஆனால் நிறம் பழுப்பு என்பதற்காகச் சர்க்கரை ஏறாது என்று எண்ணி நான்கு துண்டு சாப்பிட்டுவிட வேண்டாம். கிளினிக்கில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு விஷயத்தில்தான் ஏமாந்தார்கள்.

பீன்ஸ் வேக நேரமாகும், டோக்கன் போய்விடும் என்பீர்கள். இரவே ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பிறகு மூடியைத் திறக்காமலே பானையை இறக்கி, தடித்த கம்பளிகளால் இறுகச் சுற்றி ஒரு பெட்டிக்குள் நான்கைந்து மணி நேரம் வைத்துவிட்டால் மீதி வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். முதலில் நன்றாகக் கொதிக்க வைப்பதை மட்டும் குறைக்காதீர்கள்; அரைவேக்காட்டுப் பீன்ஸ் வயிற்றைக் கெடுக்கும். டின் மீனைத் தனிக் கறியாக வைக்காமல் பீன்ஸோடோ முட்டைக்கோஸோடோ சேர்த்தால் ஒரு டின் ஐந்து பேருக்கு வரும். அதன் மெல்லிய முள்ளை எடுத்துப் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், மாவுப் பொருளைத் திடீரென்று குறைப்பதால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். சாப்பாட்டை மாற்றப்போவதைக் கிளினிக்கில் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் கொடுப்பதற்கு ஹேம்பர்ச் சீனியில் ஒரு சிறு டப்பா அவர் படுக்கைக்கு அருகிலேயே இருக்கட்டும். தேநீருக்கு மட்டும் அந்த டப்பாவைத் தொட வேண்டாம்.

மறுமொழி 2: சேவைக் குழு உறுப்பினர்

அம்மா, நான் வேறொரு கோயிலில் ஹேம்பர் கட்டும் குழுவில் இருப்பவன். கேட்பது முறையா என்று நீங்கள் தயங்கியதைப் படித்ததும் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. எங்கள் பட்டியல் 2021 ஜூலைக் கலவரத்தின்போது அவசரமாக எழுதியது. கடைகள் எரிந்தும் மூடியும் கிடந்தன. டர்பனில் ஒரு ரொட்டிக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்றோம். கெடாத, எளிதில் மூட்டை கட்டக்கூடிய பொருள் எதுவோ அதை எழுதினோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது அதே தாளை எடுத்துப் பயன்படுத்தினோம். அதன்பிறகு அந்தத் தாளை யாரும் திருத்தவில்லை. அவசரத்துக்கு எழுதியதே வழக்கமாகிவிட்டது.

நன்கொடையாளர்களும் ஒரு காரணம். பத்து மூட்டை சீனி என்று சொன்னால் உடனே வந்துவிடும்; பத்துப் பெட்டி முட்டை என்றால் யார் ஏற்றி வருவது, உடைந்தால் என்ன செய்வது என்று பேச்சு நீளும். கரும்பு வெட்டுவதற்காக 1860 முதல் இந்த நேட்டாலுக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் இலவசமாகக் கிடைப்பது சீனிதான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த ஒப்பந்தக் கூலிகளுக்குத் தந்த பங்கீட்டில்கூட அரிசியோடு பருப்பும் இருந்தது. நம் ஹேம்பரில் அது இல்லை.

ஒருமுறை நாங்கள் பீன்ஸ் போட்டோம், சிலர் திருப்பித் தந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நர்ஸம்மா சொன்ன டோக்கன் கணக்குதான் காரணம் என்று இப்போது புரிகிறது. சீக்கிரம் வேகும் மைசூர்ப் பருப்பைப் போட்டிருக்க வேண்டும். உங்கள் கோயிலில் கேளுங்கள். "சீனியில் பாதியைக் குறைத்து, அந்தப் பணத்துக்குப் பருப்பு தர முடியுமா?" என்று கேட்டால், செலவு கூடாத வேண்டுகோள் என்பதால் மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. காய்கறிக்கு உங்கள் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடைசி நேரத்தில் போய்ப் பாருங்கள். வாடிவிடும் என்று கீரைக்கட்டுகளைக் குறைத்துக் கொடுப்பார்கள்.

மறுமொழி 3: பீனிக்ஸ் ஆசிரியர்

சமையலைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வருமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கணவரின் சம்பளத்தில் யுஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பிடித்தம் இருந்திருந்தால், வேலை போன நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அவர் உரிமை கோர வேண்டும். உங்களுக்கு இரண்டே மாதம் மீதி இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். அது கிடைக்காது என்றானால், மாதம் 624 ரேண்டுக்கும் குறைவான வருமானம் உள்ளவருக்குத் தரும் 370 ரேண்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. கையில் ஒன்றுமே இல்லாத மாதத்தில் சாசா (அரசின் சமூக உதவித்தொகை முகமை) அலுவலகத்தில் தற்காலிகத் துயர்நீக்க உதவி என்று கேட்டால், பொதுவாக மூன்று மாதம் வரை உணவுப் பொதியோ கூப்பனோ தர விதி இருக்கிறது.

பள்ளி உணவைப் பற்றி ஒரு வருத்தம். 1994-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாவுப் பொருள், புரதம், காய்கறி அல்லது பழம் மூன்றும் சேர்ந்த சாப்பாட்டைக் காலை பத்து மணிக்குள் தர வேண்டும் என்பது விதி. ஆனால் பள்ளிகளை ஐந்து படிகளாகப் பிரித்து, வறுமை மிகுந்த முதல் மூன்று படிகளுக்குத்தான் முதன்மையாக அந்த உணவு போகிறது. பள்ளி இருக்கும் பகுதியின் வறுமையைப் பார்த்துப் படியை முடிவு செய்வதால், நம் பகுதிப் பள்ளிகள் பல மேல் படியில் மாட்டிக்கொள்கின்றன; உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வயிற்றை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அதனால் உங்கள் நிலைமையை வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். பல பள்ளிகளில் ஆசிரியர்களே பணம் போட்டு யாருக்கும் தெரியாமல் சாண்ட்விச் கொடுக்கிறார்கள்.

மறுமொழி 4: சாட்ஸ்வொர்த் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பீன்ஸ் பானையைக் கம்பளியில் சுற்றி வைத்தேன்; காலையில் மூடியைத் திறந்தபோது சூடு மிச்சமிருந்தது, மாவாக வெந்திருந்தது. மாமியார் எடுப்பது கிளிக்லசைடு என்று அட்டையில் பார்த்தேன், வியாழக்கிழமை கிளினிக்கில் கேட்டுவிடுகிறேன். யுஐஎஃப் பற்றி எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. கணவர் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். கோயிலில் சீனிக்குப் பதில் பருப்பு கேட்கப்போகிறேன் என்றதும், "தேநீருக்கு மட்டும் ஒரு கிலோ விட்டுவைக்கச் சொல்" என்கிறார் மாமியார். அதை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.